சாம்பல் கோட்டுக்காரன் நின்ற இடங்கள்

மொன்றியலுக்கு நான் போனது பாராட்டு வாங்க. எழுபத்தொன்பது வயதில் முழங்காலை மடித்துக்கொண்டு அத்தனை மணித்தியாலம் விமானத்தில் இருப்பதற்கு வேறெந்தக் காரணமும் எனக்குப் போதுமானதாக இருந்திராது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பின்னால் சொல்லவேண்டியவை இதைவிட மோசமானவை.

யாழ்ப்பாணத்தில் முப்பது வருடம் ஆங்கில இலக்கியம் படிப்பித்தேன். இடையில், சண்டை உச்சத்தில் இருந்த நாட்களில், ஓர் அரபு நாவலை அதன் ஆங்கிலப் பதிப்பிலிருந்து தமிழாக்கினேன். 'அடுப்பணையாத தெரு' என்று பெயர். வெள்ளைத்தாள் வராத காலம். கோடு போட்ட கொப்பித் தாளில் அச்சடித்தோம். என் இலக்கியப் புகழ் முழுவதும் அந்த நீலக் கோடுகளின் மேல்தான் நிற்கிறது. அதை மறுபடி அச்சிடப் போவதாகவும், முன்னோட்டமாக ஞாயிற்றுக்கிழமை ஒரு வாசிப்புக் கூட்டம் வைப்பதாகவும், நான் கட்டாயம் வரவேண்டும் என்றும் என் பழைய மாணவன் யோசேப்பு அழைத்திருந்தான். அவனுக்கே இப்போது அறுபது வயது. டோர்வல் விமான நிலையத்தில் சாப்பாட்டுத் தட்டுகளை விமானத்துக்கு ஏற்றும் வேலை. பங்குக் கோயிலோடு ஒட்டிய தமிழ் வாசகர் வட்டத்துக்கு அவன்தான் எல்லாம்.

வியாழக்கிழமை வந்து இறங்கினேன். வீதியோரத்தில் பனி இன்னும் கறுத்த குவியலாகக் கிடந்தது. நான் கம்பளித் தொப்பியும் கையுறையும் மாட்டிக்கொண்டு நடுங்க, எங்களைக் கடந்து ஒருவன் அரைக்காற்சட்டையோடு ஐஸ்கிரீம் நக்கிக்கொண்டு போனான்.

"அவனுக்கு என்ன வருத்தம்?" என்றேன்.

"வசந்தம் வந்திட்டுது சேர்," என்றான் யோசேப்பு.

பார்க் எக்ஸ்டென்ஷன் என்ற பகுதியில் யோசேப்பின் வீடு. வீட்டுக்கு வெளியே இரும்புப் படி. சுருண்டு சுருண்டு மேலே போகிறது. பனி உறையும் ஊரில் படியை வெளியே வைத்தவன் யார் என்று கேட்டேன். அதை இத்தனை வருடமாகத் தானும் கேட்டுக்கொண்டிருப்பதாக யோசேப்பின் மனைவி பிலோமினா மேலே நின்று சொன்னார். அவர் மன்னார்ப் பக்கம். பாணும் மீன் சொதியும் இடிசம்பலும் வைத்திருந்தார். ஆறு துண்டு பாண் சாப்பிட்டேன். ஏழாவதைச் சொதியில் தோய்க்கும்போது யோசேப்பு, "சேருக்கு ஒரு சப்ரைஸ்," என்றான்.

"சொல்லும்."

"நாவலை எழுதின நாதிரா அம்மா இஞ்சைதான் இருக்கிறா. சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவிலை, மகளோடை. ஞாயிற்றுக்கிழமை கூட்டத்துக்கு வாறா!"

சொதி மூக்கால் வந்தது. பிலோமினா என் உச்சியில் தட்டினார். "சேருக்குச் சந்தோசத்திலை புரைக்கேறிட்டுது," என்றான் யோசேப்பு. "பிலோமினாதான் சேர் வாசிக்கப்போறா. அந்த நெருப்புக்காய்ச்சல் அத்தியாயத்தை."

"எத்தினை தரம் வாசிச்சாலும் அழுகை வரும் சேர்," என்றார் பிலோமினா. "அந்த அம்மா அந்தக் காய்ச்சலை என்ன மாதிரி எழுதியிருக்கிறா!"

அந்த அம்மா அந்தக் காய்ச்சலை எழுதவில்லை. நான்தான் எழுதினேன்.

கதை இதுதான். அரபு நகரம் ஒன்றில் ஹாமித் என்று ஒரு பேக்கரிக்காரன். கடை வாசலில் சனம் வரிசையில் நிற்கும். அங்கே சாம்பல் நிறக் கோட்டுப் போட்ட ஒருவனும் நிற்பான், ஆனால் பாண் வாங்கமாட்டான். ஒருநாள் ஹாமித் காணாமல் போகிறான். பதினான்காம் அத்தியாயத்தில் சாம்பல் கோட்டுக்காரன் ஓர் அதிகாரியின் மேசைக்கு முன்னால் இருந்து ஹாமித்தின் பெயரைச் சொல்லிக்கொடுக்கிறான்.

எங்கள் ஊரில் அந்த நாட்களில் முகத்தை மூடிக்கொண்டு வாகனத்துக்குள் இருந்து தலையாட்டும் ஆட்கள் இருந்தார்கள். சுற்றிவளைப்பில் பிடித்தவர்களை ஒவ்வொருவராக முன்னால் நடத்துவார்கள். அந்தத் தலை அசைந்தால் அந்த ஆள் வீடு திரும்பமாட்டான். இந்த அத்தியாயம் அச்சில் வந்தால் என் கதவைத் தட்டப்போகிறவர்கள் ஒரு பக்கத்தார் மட்டுமல்ல. ஆகவே பதினான்காம் அத்தியாயத்தை வெட்டினேன். அதுவும் போதாதென்று, சாம்பல் கோட்டுக்காரன் வந்த இடமெல்லாம் தேடிப்பிடித்து அவனையும் எடுத்தேன். ஹாமித் இல்லாமற்போக ஒரு காரணம் வேண்டுமே? அவனுக்கு நெருப்புக்காய்ச்சலை வரவழைத்துப் பதினொரு பக்கத்தில் நானே சாகடித்தேன். கேட்டவர்களிடம் தாள் தட்டுப்பாட்டால் சுருக்கியதாகச் சொன்னேன். வெட்டியது ஆறு பக்கம். சேர்த்தது பதினொன்று. ஒருவரும் எண்ணிப் பார்க்கவில்லை.

வெள்ளிக்கிழமை யோசேப்பு விடியமுன்னரே வேலைக்குப் போய்விட்டான். மத்தியானம், கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாகப் பிலோமினாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினேன். ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அந்த அம்மையாரைத் தனியே கண்டு காலில் விழுந்துவிட வேண்டும். முகவரியை யோசேப்பின் அழைப்பிதழ்க் கட்டிலிருந்து திருடியிருந்தேன்.

பஸ்ஸில் எனக்கு முன்னால் இரண்டு மாணவிகள். "ஆங்கிலப் பாடத்துக்கு நாவலை வாசித்தாயா?" என்று ஒருத்தி கேட்டாள். "சுருக்கத்தை வாசித்தேன். ஒரு பெரிய வீடு, மழை, கல்யாணம்," என்றாள் மற்றவள். முப்பது வருட விரிவுரையை ஒரு மூச்சில் சொல்லிவிட்டாள். இந்தச் சந்தோஷத்தில் நான் இறங்கக்கூடாத இடத்தில் இறங்கினேன். பெட்டி இழுத்துக்கொண்டு போன கூட்டத்துக்குப் பின்னால் நம்பிக்கையோடு நடந்தேன், அவர்கள் ஏறிய இன்னொரு பஸ்ஸில் நானும் ஏறினேன். அது என்னைக் கொண்டுபோய் விமான நிலைய வாசலில் இறக்கிவிட்டது. முந்தினநாள் நான் வந்திறங்கிய அதே வாசல்.

சுழலும் கதவுக்குள் போய் வெளியே வந்தேன். மறுபடி உள்ளே போனேன். மூன்றாவது சுற்றில், மஞ்சள் மேலங்கி போட்ட ஒருவன் வாயைப் பிளந்துகொண்டு நின்றான்.

"சேர்! ஊருக்கு ஓடுறியளோ?"

"இல்லை யோசேப்பு. பஸ் பிழைச்சுப்போச்சு."

"பெல்ற்றை இழுத்துக் கட்டிக்கொண்டு ஓடுற ஆள் மாதிரி வாறியள்! பிலோமினாவின்ரை சம்பலுக்குப் பயந்தோ?"

உண்மையில் ஓடத்தான் வந்திருந்தேனோ என்று எனக்கே ஐயம் வந்துவிட்டது. நாதிரா அம்மாவைப் பார்க்கப் போவதாகச் சொன்னேன். அவனுக்கு வேலை முடியும் நேரம். "எழுத்தாளரும் மொழிபெயர்ப்பாளரும் தனிச் சந்திப்பு! எனக்குச் சொல்லியிருக்கலாமே!" என்று தானே காரை எடுத்தான். வழியில் பூட்டீன் வாங்கித் தந்தான். பொரித்த உருளைக்கிழங்கு, அதன்மேல் பாற்கட்டி, அதன்மேல் சுடச்சுட இறைச்சிக் குழம்பு. கடித்தால் பாற்கட்டி பல்லில் கிறீச்சிடுகிறது. அதைக் கண்டுபிடித்தவன் எந்த மனநிலையில் இருந்தான் என்று தெரியவில்லை. நான் குற்றவாளியின் பசியோடு முழுவதையும் தின்றேன்.

சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் கால்வாய்க்கு அருகே சின்ன வீடு. படகு பார்த்துக்கொண்டு நிற்பதாக யோசேப்பு கரையில் இறங்கிக்கொண்டான். கதவைத் திறந்தவர் என்னைவிட இரண்டு வயதாவது மூத்தவர், என்னில் பாதி உயரம். சின்னக் கண்ணாடிக் குவளையில் கறுப்புத் தேநீரும் பேரீச்சம்பழம் வைத்த பிஸ்கோத்தும் கொண்டுவந்தார். நாங்கள் ஆங்கிலத்தில் பேசினோம்.

பயத்தில் எனக்கு விரிவுரை பொங்கிவிட்டது. ஆங்கில நாவல்களில் எல்லோரும் ஓயாமல் தேநீர் குடிக்கிறார்கள், அதைப் பறித்தவள் மட்டும் ஒரு பக்கத்திலும் வருவதில்லை என்றேன். அந்தப் பெரிய வீடுகளின் செல்வம் கடல் கடந்து எங்கிருந்தோ வரும், அரை வரியில் வந்து போய்விடும். ஒருமுறை மலையகத்திலிருந்து வந்த ஒரு மாணவி வகுப்பில் எழுந்து, "தேயிலை யார் தோட்டத்தது சேர்?" என்று கேட்டாள். "பாடத்துக்கு வெளியே போகாதே, இரு," என்றேன். அவள் இருந்தாள். அவளுடைய பெயர்கூட எனக்கு ஞாபகமில்லை.

நாதிரா அம்மையார் பிஸ்கோத்துத் தட்டை என் பக்கம் தள்ளினார். "அவர்களுக்குத் தணிக்கை அதிகாரி தேவைப்படவில்லை. விருந்து மேசையில் எதைப் பேசக்கூடாது என்று அவர்களுக்கே தெரியும். எங்களுக்கு அதிகாரி இருந்தார். நல்ல மனிதர், மூலவியாதிக்காரர். எதையும் நேராகச் சொன்னால் வெட்டுவார். அதனால் நாங்கள் நேராகச் சொல்லாமல் எழுதப் பழகினோம். சரி, இதைச் சொல்லவா பஸ் ஏறி வந்தீர்கள்?"

சொல்லிவிட்டேன். பதினான்காம் அத்தியாயம் வெட்டியது, காய்ச்சல் வரவழைத்தது, எல்லாம்.

அவர் சிரிக்கத் தொடங்கினார். "காய்ச்சலுக்கு என்ன கொடுத்தீர்கள்?"

"கொத்தமல்லி அவித்த தண்ணீர். பிறகு அரிசிக் கஞ்சி."

"கஞ்சியா! என் ஹாமித்துக்கா!" மேசையில் கையை அடித்துச் சிரித்தார். "மனைவி என்ன செய்தாள்?"

"தலைவிரிகோலமாக வாசலில் விழுந்து அழுதாள்."

"அவள் என் சித்தி. வாழ்நாளில் ஒருமுறைகூட அழுததில்லை!" கண்ணைத் துடைத்துக்கொண்டு, ஒரு செய்தி சொன்னார். அரபு மூலத்தில் பதினான்காம் அத்தியாயமே கிடையாது. சாம்பல் கோட்டுக்காரன் ஒன்பது இடங்களில் வெறுமனே நிற்பான், பாண் வாங்கமாட்டான், அவ்வளவுதான். ஒருநாள் ஹாமித் இல்லை, அடுப்பு எரிகிறது. அவருடைய நகரத்தில் வாசித்த ஒவ்வொருவருக்கும் விளங்கியது. மூலவியாதிக்கார அதிகாரிக்கும் விளங்கியிருக்கும், ஆனால் வெட்டுவதற்கு ஒரு சொல்லும் அகப்படவில்லை. லண்டன் பதிப்பாளருக்குத்தான் விளங்கவில்லை. 'யார் இந்த ஆள்? பாண் ஏன் வாங்கவில்லை? எங்கள் வாசகருக்கு விளக்குங்கள்' என்று எழுதினாராம். அந்தப் பதிப்பாளரின் தெருவில் ஒருவன் வெறுமனே நின்றால் அவன் பஸ்ஸுக்காகத்தான் நிற்பான். அந்த ஊருக்காக நாதிரா அம்மையார் உட்கார்ந்து எழுதிக்கொடுத்த விளக்கம்தான் பதினான்காம் அத்தியாயம்.

எனக்குத் தலை சுற்றியது, ஆனந்தத்தில். அப்படியானால் நான் வெட்டியது மூலத்தில் இல்லாத ஒன்றை! முப்பது வருடக் குற்றம் ஒரு குவளை தேநீரில் கரைந்துவிட்டது. கோழைத்தனத்தால் மூலத்துக்கு விசுவாசமாக இருந்த ஒரே மொழிபெயர்ப்பாளன் உலகத்தில் நான்தான் என்று நினைத்துக்கொண்டு, நான்காவது பிஸ்கோத்தை எடுத்தேன்.

"அந்த ஒன்பது இடத்திலும் அவன் நிற்கிறான்தானே?" என்றார்.

பிஸ்கோத்து வாயில் நின்றது.

"இல்லை. அவனையும் எடுத்துவிட்டேன்."

அவர் சிரிப்பதை நிறுத்தினார். குவளையைச் சாவகாசமாக மேசையில் வைத்தார். "பதினான்காம் அத்தியாயம் லண்டனுடையது. அதை வெட்டியதற்கு நன்றி. அந்த ஆள் என்னுடையவன். அவனை அங்கே கொண்டுவந்து நிறுத்த எனக்கு ஆறு வருடம் பிடித்தது."

வெளியே படகு ஒன்று ஊதியது. மன்னிப்புக் கேட்டேன். அவர் கையை அசைத்தார். அது ஏற்றுக்கொண்டதற்கா, போதும் என்பதற்கா என்று விளங்கவில்லை. வாசல்வரை வந்து சொன்னார்: "ஞாயிற்றுக்கிழமை வருகிறேன். உங்கள் காய்ச்சலை அவர்கள் வாசிக்கட்டும். வாசித்து முடிந்ததும் எழுந்து அவர்களிடம் சொல்லுங்கள். நீங்கள் சொல்லாவிட்டால், நான் ஒன்றும் சொல்லமாட்டேன். கைதட்டுவேன்."

சனிக்கிழமை யோசேப்பு என்னை மலைக்குக் கொண்டுபோய் நகரத்தைக் காட்டினான். நான் நகரத்தைப் பார்க்கவில்லை. 'அன்பார்ந்த வாசகர்களே, ஒரு சிறு திருத்தம்' என்று மனதுக்குள் தொடங்கித் தொடங்கி அழித்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்தால் பிலோமினா குசினியில் நின்று காய்ச்சல் அத்தியாயத்தைச் சத்தமாக வாசித்துப் பழகுகிறார். கஞ்சியை ஹாமித் துப்பும் இடத்தில் குரல் உடைந்தது. "பிள்ளை, ஒரு கதை சொல்லவேணும்," என்றேன். "பேந்து சொல்லுங்கோ சேர், அழுகை வாற நேரம் குழப்பாதையுங்கோ," என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது. இந்த நிம்மதிதான் என் வாழ்நாள் வியாதி.

ஞாயிறு பூசை முடிந்ததும் பங்கு மண்டபம் நிறைந்துவிட்டது. ரோல்ஸ், கேக், பெரிய பாத்திரத்தில் பால் தேநீர். பிள்ளைகள் பின்வரிசையில் பிரெஞ்சில் கிசுகிசுத்தார்கள். நாதிரா அம்மையார் முன்வரிசையில் கைகளை மடியில் வைத்துக்கொண்டிருந்தார். யோசேப்பு என்னை "மொழிபெயர்ப்புச் சிங்கம்" என்று அறிமுகம் செய்தான். சிங்கம் ரோல்ஸ் ஒன்றை எடுத்துத் தின்னாமல் தட்டில் திருப்பி வைத்தது.

பிலோமினா வாசித்தார். கடவுளே, நன்றாக வாசித்தார். கொத்தமல்லித் தண்ணீர் வந்ததும் பெண்கள் மூக்கைத் துடைத்தார்கள். கஞ்சி வந்ததும் ஆண்கள். எழுதியவன் என்ற முறையில் என் கண்ணும் கலங்கியது. அதை ஒப்புக்கொள்ளாமல் இந்தக் கட்டுரையை முடிக்கமுடியாது. கடைசி வரி முடிந்தது. நாதிரா அம்மையார் மடியிலிருந்து இரண்டு கைகளையும் மேலே எடுத்தார்.

நான் கதிரை விழ எழுந்தேன். "ஒரு நிமிசம். தட்டாதையுங்கோ!"

திருத்தம் என்றெல்லாம் சொல்லவில்லை. நடந்ததை நடந்தபடி சொன்னேன். முடித்ததும் எல்லோரும் ஒன்றாகக் கத்தினார்கள்.

"அப்ப உவ்வளவு காலமும் நாங்கள் அழுதது சேருக்கோ?"

"ஹாமித் காய்ச்சலிலை சாகேல்லையோ?"

"செத்தானோ இல்லையோ எண்டே தெரியாதாம் அண்ணை!"

"இதென்ன கதை! ஒரு முடிவு வேணுமெல்லே!"

"எங்கட வீட்டிலை என்ன முடிவு தெரிஞ்சது, சும்மா இரும்!"

காய்ச்சலையும் வைத்திருக்க வேண்டும், எவ்வளவு நல்ல காய்ச்சல் என்று ஒரு கிழவர் மேசையில் தட்டினார். வாக்கெடுப்பு வைப்போம் என்றான் யோசேப்பு. என்ன சொல்கிறார்கள் என்று நாதிரா அம்மையார் என் சட்டையைப் பிடித்து இழுத்தார். இந்த முறை ஒன்றையும் வெட்டாமல் மொழிபெயர்த்தேன். கிழவரின் காய்ச்சலுக்கு அவர் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினார்.

பிலோமினா புத்தகத்தை மூடாமல் நின்றார். "அண்டைக்குப் பயந்தது பிழை எண்டு ஆரும் சொல்லேலாது சேர். நாங்களும் பயந்துதானே இருந்தனாங்கள். சண்டை முடிஞ்சு எவ்வளவு காலம். பேந்தும் ஏன் சொல்லேல்லை?"

இதற்கு என்னிடம் தயாராக ஒரு பதில் இருந்தது. நிலைமை, பாதுகாப்பு, இன்னும் ஆறாத காயங்கள் என்று போகும் நல்ல பதில். மேடைகளில் சொல்லிப் பழகியது. அவர் முகத்தைப் பார்த்ததும் அது வரவில்லை.

"புத்தகத்திலை எல்லாரும் புகழ்ந்தது அந்த அத்தியாயத்தைத்தான் பிள்ளை. புகழை விட மனம் வரேல்லை."

அதையும் நாதிரா அம்மையாருக்கு ஆங்கிலத்தில் சொல்லவேண்டியிருந்தது. தமிழில் சொன்னதைவிட அது கடினமாக இருந்தது. அவர் கேட்டுவிட்டு, பக்கத்துக் கதிரையைத் தட்டி என்னை இருக்கச் சொன்னார். ஒரு ரோல்ஸைப் பாதியாக முறித்துத் தந்தார். வாக்கெடுப்பில் காய்ச்சல் தோற்றது. கிழவர் கோபித்துக்கொண்டு கேக்கோடு வெளியே போனார்.

திங்கட்கிழமை காலை நான் எழும்பி வரும்போது பிலோமினா குசினி மேசையில் அந்தக் கொப்பித்தாள் புத்தகத்தையும் பென்சிலையும் வைத்துக்கொண்டிருந்தார். புதிய பதிப்புக்காக, சாம்பல் கோட்டுக்காரன் நின்ற ஒன்பது இடங்களையும் நாதிரா அம்மையாரிடம் தொலைபேசியில் கேட்டு எழுதுவதாக ஏற்பாடு. என் ஆங்கிலப் பிரதி இடப்பெயர்வில் எங்கேயோ போய்விட்டது. எனக்கு இரண்டு இடம்கூட ஞாபகமில்லை.

"நான் குறிச்சிட்டன் சேர்," என்றார்.

"எப்பிடி?"

"வாசிக்கேக்கை சில இடத்திலை ஆரோ நிக்கிற மாதிரி இருக்கும். சனம் கதைச்சுக்கொண்டு நிண்டிட்டுச் சும்மா நிப்பாட்டும். ஏன் நிப்பாட்டினம் எண்டு நீங்கள் எழுதேல்லை. எனக்கு எப்பவும் அந்த இடங்களிலை நெஞ்சு இடிக்கும்."

பத்து இடத்தில் பென்சில் புள்ளி இருந்தது. நாதிரா அம்மையாரைத் தொலைபேசியில் கூப்பிட்டு ஒவ்வொரு காட்சியாகச் சொன்னேன். அவர் அரபுப் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டி, "ஆம்," என்றார். "ஆம். ஆம்." ஐந்தாவதற்குப் பிறகு அவர் குரல் உயர்ந்தது. "யார் இந்தப் பெண்?" என்று கேட்டார். எங்கள் மூவருக்கும் பைத்தியம் பிடித்த மாதிரி இருந்தது. ஒவ்வொரு 'ஆம்'க்கும் பிலோமினா மேசையில் ஒரு குத்து விட்டார், நான் கைதட்டினேன். ஒன்பதும் சரி.

பத்தாவது, பக்கத்து வீட்டுப் பெண்ணின் கல்யாணம்.

"இல்லை," என்றார் நாதிரா அம்மையார். "கல்யாணத்துக்கு நான் அவனை வரவிடவில்லை. அங்கேயாவது அவர்கள் சந்தோஷமாக இருக்கட்டும் என்று நினைத்தேன்."

பிலோமினாவுக்குச் சொன்னேன். அவர் தலையை ஆட்டி மறுத்தார். "நிண்டிருப்பான் சேர். ஆர் வருகினம், ஆர் ஆரோடை கதைக்கினம் எண்டு கலியாண வீட்டிலைதானே பாக்கலாம். எங்கட அண்ணையை அப்பிடித்தான் குறிச்சவங்கள். கலியாணம் முடிஞ்சு மூண்டாம் நாள்."

அதை அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். தொலைபேசியில் பேனை மூடி திறக்கும் சத்தம் கேட்டது.

"அவன் எங்கே நிற்கிறான் என்று கேளுங்கள். நானும் என் புத்தகத்தில் எழுதிக்கொள்கிறேன்."

கேட்டேன். பிலோமினா யோசிக்கவே இல்லை.

"வாசலுக்கு இடப்பக்கம் சேர். செருப்புக் கழட்டிற இடத்திலை."